மசூர் சேரின் உசாத்துணைப் பாணி

கல்முனைக்குடியில் மசூர் சேர் என்று கேட்டால் இரண்டு பேரைக் காட்டுவார்கள். ஒருவர் கணிதத்துக்கு டியூஷன் கொடுக்கிறவர். அவரைத் தேடி வருகிறவர்களே அதிகம். மற்றவர் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவர். யாரும் தேடி வராததால் அவருக்கு நேரம் இருந்தது. நேரம் இருந்ததால் எம்.பில். என்னும் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தார். அதற்குப் பிறகு ஊரில் அவரை ஆராய்ச்சி மசூர் சேர் என்று பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

ஆராய்ச்சியின் பொருள் நல்ல பொருள்தான். சாகாமம் குளத்துத் தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது போகிறது, கடைமடை வயல்களுக்கு ஏன் போய்ச் சேர்வதில்லை என்பதுதான் அது. முன்மொழிவை எழுதிக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் கொடுத்தார். பேராசிரியர் பக்கங்களை வேகமாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றார். அங்கே இருந்தது உசாத்துணைப் பட்டியல், அதாவது எந்தெந்த நூல்களையும் கட்டுரைகளையும் பார்த்து எழுதினோம் என்று காட்டும் பட்டியல்.

"விசயம் பரவாயில்ல மசூர். ஆனா இந்தப் பட்டியலப் பாருங்க. ஒரு இடத்தில கொமா, ஒரு இடத்தில முற்றுப்புள்ளி. முதல்ல இதச் சரிப்படுத்துங்க. மற்றதெல்லாம் பிறகு."

பேராசிரியர் இதை எல்லா மாணவர்களிடமும் சொல்வார். உள்ளடக்கத்தை வாசிக்காமல் கருத்துச் சொல்ல அதைவிட வசதியான இடம் ஒரு ஆய்வில் இல்லை. மற்ற மாணவர்கள் தலையாட்டிவிட்டு வந்து தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மசூர் சேர் மட்டும் 'முதல்ல' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் லப்டொப்பில் ஒரு உசாத்துணை மென்பொருளை இறக்கினார். நூலின் விவரங்களைப் பெட்டிகளில் நிரப்பிவிட்டால் போதும், கேட்ட பாணியில் பட்டியலை அதுவே எழுதிவிடும். ஆயிரக்கணக்கான பாணிகள் அதில் ஆயத்தமாக இருந்தன. பல்கலைக்கழகம் கேட்ட பாணியைத் தெரிவுசெய்து, தாமும் தம்பி றினாஸும் முன்பு எழுதிய சிறு கட்டுரைகளைச் சேர்த்துப் பொத்தானை அழுத்தினார். பட்டியல் அழகாக வந்தது. அதைப் படம் பிடித்துக் கட்டாரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினார். தம்பி உடனே போன் எடுத்தான்.

"காக்கா, கடலரிப்புக் கட்டுரை நான்தானே எழுதின? இதில வாப்பாட பேர் கிடக்கு."

"அது வாப்பா இல்லடா, நீதான். பேரத் திருப்பிப் போட்டிரிக்கி."

"என்ட பேரத் திருப்பினா வாப்பாவா?"

"அவங்கட கணக்கில அப்பிடித்தான்."

வெள்ளைக்காரருக்குக் கடைசிப் பெயர் குடும்பப் பெயர். அதைத் தூக்கி முன்னால் போட்டு, சொந்தப் பெயரை ஓரெழுத்தாகக் குறுக்கிவிடுவது அவர்களின் வழக்கம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்பது வாப்பாவின், அதாவது தகப்பனின் பெயர். ஆனாலும் மென்பொருள் இரண்டு பெட்டி காட்டி, ஒன்றில் குடும்பப் பெயரைப் போடு என்று பிடிவாதமாகக் கேட்கும். மசூர் சேர் வேறு வழியில்லாமல் வாப்பாவைப் போட்டார். இதனால், வாழ்நாள் முழுவதும் சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்து, கையொப்பத்துக்கு மேல் எதையும் எழுதியிராத அச்சிமுகம்மது, தென்கிழக்குக் கரையோரப் புவியியலில் மூன்று கட்டுரைகள் எழுதிய அறிஞராகிவிட்டார்.

வேறு ஒருவராக இருந்தால் பட்டியலைக் கையால் திருத்தியிருப்பார். மசூர் சேர் அந்தப் பாணியின் கோப்பையே திறந்து பார்த்தார். முழுவதும் கோண அடைப்புக்குறிகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. பெயரைத் திருப்பு, ஆண்டை அடைப்புக்குள் போடு, தலைப்பைச் சரித்து எழுது. ஒரு குறியை மூடாமல் விட்டால் முழுக் கோப்பும் வேலை செய்யாது. வார விடுமுறை முழுவதும் அதோடு மல்லுக்கட்டினார். பெயரைக் குறுக்கி இடையில் கொமா போடும் கட்டளைகளைக் கண்டுபிடித்து நீக்கினார். பொத்தானை அழுத்தியபோது 'அச்சிமுகம்மது மசூர்' என்று பெயர் முழுதாக வந்தது. மனைவி நதீராவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நதீரா திரையைப் பார்த்தாள். "ஒங்கட பேர்தானே?"

"ஓம்."

"இத எழுத ரெண்டு நாளா?"

அந்த இரண்டு நாளோடு அது முடியவில்லை. அடுத்த மாதங்களில் மசூர் சேர் வேறு மனிதரானார். கலியாண வீட்டில் அழைப்பிதழைப் பார்த்தால் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்காமல், திகதிக்குப் பின்னால் கொமா வரவேண்டுமா என்று கதைத்தார். குளத்தைப் பற்றிய முதல் அத்தியாயம் மூன்றாம் பக்கத்தில் நின்றது. நதீரா கேட்கும்போதெல்லாம், "அடித்தளம் போடுறன்" என்றார். அவள் அதற்குப் பிறகு விருந்தாளிகளிடம், "அவரு அடித்தளத்தில இரிக்காரு" என்று சொல்லத் தொடங்கினாள்.

இந்தச் சமயத்தில்தான் கரையோர ஆய்வு வட்டம் அவரைத் தேடி வந்தது.

வட்டத்தின் தலைவர் அல்ஹாஜ் அலியார்லெப்பை, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி, ஜேபி எனப்படும் அகில இலங்கை சமாதான நீதவான். செயலாளர் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழாசிரியர் சுஜிந்தன். பொருளியல் விரிவுரையாளர் ஆதிலா, வட்டத்தில் பெண்களும் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டவர். அது அவருக்கும் தெரியும். வட்டம் 'கரைநோக்கு' என்று ஒரு ஆய்விதழ் வெளியிடப்போகிறது. சர்வதேசத் தரத்தில் ஒரு இதழ் வேண்டுமென்றால் அதற்கென்று சொந்தமாக உசாத்துணைப் பாணி ஒன்று வேண்டும் என்று தலைவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கட்டுரைகள் வேண்டும் என்பதை அவர் இன்னும் கேள்விப்படவில்லை.

கூட்டம் தலைவரின் மேல்மாடியில் நடந்தது. தின்னப் பொரித்த ரோல்ஸும் குடிக்க இஞ்சிப் பிளேன்டீயும் வந்தன. மசூர் சேர் லப்டொப்பைத் திறந்து மாதிரிப் பட்டியலைக் காட்டினார். தலைவர் கண்ணாடியை மாட்டித் தன் பெயரைத் தேடினார்.

"இது ஆர், அலியார்லெப்பை? எங்கட சந்தியில மீன் விக்கிற அலியார்லெப்பையா?"

"நீங்கதான் சேர்."

"அல்ஹாஜ் எங்க? ஜேபி எங்க? ஒரு மனிசன் கஷ்டப்பட்டு ஹஜ்ஜுக்குப் போய் வந்து இரிக்கான். ஒங்கட கொம்பியூட்டர் அத வெட்டி எறிஞ்சிட்டு."

பட்டங்களைப் போடுவது என்று ஏகமனதாகத் தீர்மானமானது. அடுத்தது வரிசை. எழுத்து ஒழுங்கில் வருவதுதான் உலக வழக்கம் என்று மசூர் சேர் சொன்னார்.

"எழுத்து ஒழுங்கில போட்டா, நேத்துப் படிச்சிட்டு வந்த அப்துல்லா எனக்கு மேல நிப்பான். மரியாதை எண்டு ஒண்டு இல்லயா?"

மூப்பு ஒழுங்கில் போடுவது என்று முடிவானது. அதற்குப் பிறந்த ஆண்டு தேவை. எல்லோரும் சந்தோசமாகச் சொன்னார்கள். ஆதிலா மட்டும் சொல்லவில்லை.

"என்ட வயசு உசாத்துணைக்கு எதுக்கு சேர்?"

"ஒங்கள எங்க போடுறது எண்டு தெரியாதே."

"கடைசியில போடுங்க. வாசிக்கிறவங்க கடைசிப் பக்கத்த மட்டும்தான் பாக்கிறவங்க."

ஒரு நூலைப் பலர் சேர்ந்து எழுதியிருந்தால் முதலாமவர் பெயரைப் போட்டு 'ஏனையோர்' என்று சுருக்குவது வழக்கம். தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனையோர் எண்டா ஆரு? கலியாணத்துக்குச் சொல்லக்குள்ள வீட்டு வாசல்ல நிண்டு 'ஏனையோரும் வாங்க' எண்டு சொல்றமா?"

சுஜிந்தன் மெல்லக் கேட்டார். "சேர், ஒரு கட்டுரைய இருபது பேர் எழுதியிருந்தா?"

"இருபது பேரையும் போடுவம். அவங்க என்ன களவா எடுத்தாங்க?"

ஆண்டுக்குப் பின்னால் கொமாவா முற்றுப்புள்ளியா என்பதில் வாக்கெடுப்பு நடந்தது. சரிபாதியாகப் பிரிந்தது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் போய்வந்தும் கதைத்தார்கள். கடைசியில், கொமாவுக்கு வாக்களித்த ஒருவர் பேரப்பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவர எழுந்து போனதால் முற்றுப்புள்ளி வென்றது.

மசூர் சேர் எதையும் எதிர்க்கவில்லை. எதிர்க்கத் தெரியாமல் அல்ல. ஒவ்வொரு கோரிக்கையும் அவருக்கு ஒரு புதிர். கோரிக்கை எவ்வளவுக்கு அபத்தமோ, அதற்குக் கட்டளை எழுதுவது அவ்வளவுக்குச் சுவையாக இருந்தது. பட்டங்களுக்கென்று மென்பொருளில் பெட்டி கிடையாது. வேறெதற்கோ இருந்த பெட்டியைப் பிடித்து அதில் பட்டங்களைப் போட்டார். காலமானவர்களின் பெயருக்கு முன் முஸ்லிமானால் 'மர்ஹூம்' என்றும், மற்றவரானால் 'அமரர்' என்றும் வரவேண்டும் என்று வட்டம் கேட்டது. அதற்கும் வழி கண்டார். காலியாகக் கிடந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றை முஸ்லிம்களுக்கும் மற்றதைத் தமிழருக்கும் ஒதுக்கினார். பெட்டியில் ஒரு ஆண்டு இருந்தால் அவர் காலமானவர். பெட்டி வெறுமையாக இருந்தால் உயிரோடு இருக்கிறார். இந்த ஏற்பாட்டை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. உலகத்தில் வேறெந்தப் பாணியும் மௌத்தானவர்களை மதிப்பதில்லை என்று நதீராவிடம் சொன்னார்.

"உசிரோட இரிக்கிறவங்களையும் கொஞ்சம் மதிக்கச் சொல்லுங்க. மீன் வாங்க ஆளில்ல," என்றாள் அவள்.

இதழுக்குக் கடைசியில் ஒரே ஒரு கட்டுரைதான் வந்தது. அது தலைவருடையது. எங்கள் பிரதேசத்தின் அறிவு மரபு பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். தன்னையும் சேர்த்து வட்டத்தின் அங்கத்தவர் எல்லோரையும் எங்காவது ஓரிடத்தில் மேற்கோள் காட்டியிருந்தார். ஒருவரை விட்டால் மனஸ்தாபம் வரும். உசாத்துணைப் பட்டியல் ஒன்பது பக்கம் வந்தது. அச்சுப்படியை எல்லோரும் பார்த்தார்கள். தங்கள் தங்கள் பெயரைப் பார்த்து, பட்டங்களை எண்ணிப்பார்த்து, சரி என்று ஒப்பமிட்டார்கள்.

அச்சுக்குப் போகவேண்டிய அன்று காலை தலைவர் போன் எடுத்தார். மசூர் சேர் பரீட்சை மண்டபத்தில் கண்காணிப்பில் நின்றார்.

"மசூர், வயசு ஒழுங்கு சரிவராது. ஹஜ் செஞ்ச ஆண்டில போடுங்க. முன்னுக்குப் போனவர் முன்னுக்கு. தமிழ் ஆக்களுக்கு ஜேபி கிடைச்ச ஆண்டு. எல்லாம் வட்ஸ்அப்பில அனுப்பியிரிக்கன்."

"சேர், இப்பவா?"

"அச்சகக்காரன் நிக்கான்."

பரீட்சை முடிந்ததும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மசூர் சேர் வேலையைத் தொடங்கினார். தலைவர் மறுபடி மனம் மாறலாம் என்று பிறந்த ஆண்டுகளை அவர் தொடவில்லை; புதிய ஆண்டுகளைப் போட மென்பொருளில் வேறு வெற்றுப் பெட்டி மிச்சமில்லை. அதனால் காலமான ஆண்டுகளை எடுத்துக் குறிப்புப் பகுதிக்குள் நகர்த்திவிட்டு, அவை இருந்த அதே இரண்டு பெட்டிகளில் ஹஜ் ஆண்டையும் ஜேபி ஆண்டையும் நிரப்பினார். வரிசையை மாற்றும் கட்டளையை எழுதினார். பொத்தானை அழுத்தினார். அலியார்லெப்பை என்ற பெயர் முதலாவது வரியில் வந்திருக்கிறதா என்று மட்டும் அவசரமாகப் பார்த்தார். வந்திருந்தது. அச்சகத்துக்கு அனுப்பினார்.

பெட்டியில் ஆண்டு இருந்தால் காலமானவர் என்ற பழைய கட்டளையை அவர் எடுக்கவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதப்பட்டது, மங்கல விளக்கேற்ற வேண்டுமா என்று ஒரு சிறு விவாதம் நடந்தது, தலைவருக்கு மூன்று தரப்பினர் பொன்னாடை போர்த்தினார்கள். ஆய்வுரைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். கட்டுரை மூன்று பக்கம் என்பதால் பேச அதிகம் இல்லை. எனவே அவர் உசாத்துணைப் பட்டியலுக்குப் போனார்.

"எவ்வளவு பண்பாடான பட்டியல் பாருங்கள். மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள். முதலாவது பெயரையே வாசிக்கிறேன். மர்ஹூம் அல்ஹாஜ் அலியார்லெப்பை, அகில இலங்கை சமாதான நீதவான் அவர்கள்…"

முன்வரிசையில் இருந்த ஒரு ஹாஜியார், மரணச் செய்திக்குச் சொல்லும் பழக்கதோசத்தில், "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மேடையில் மூன்று பொன்னாடைகளுக்குள் இருந்த மர்ஹூம் மெதுவாக எழுந்தார்.

மண்டபம் முழுவதும் பக்கங்கள் புரளும் சத்தம். ஹஜ் செய்தவர்கள் அத்தனை பேரும் மர்ஹூம். சமாதான நீதவானான தமிழர்கள் அத்தனை பேரும் அமரர். உண்மையிலேயே மௌத்தாகிப் பல வருடமானவர்கள் பட்டியலில் நல்ல சுகமாக இருந்தார்கள். வட்டத்தின் நிர்வாகிகளில் உயிர் தப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சுஜிந்தன், அவருக்கு ஜேபி இன்னும் கிடைக்கவில்லை. மற்றவர் ஆதிலா.

"நான் ஒரு ஆண்டும் குடுக்கல்ல," என்றார் ஆதிலா பக்கத்தில் இருந்தவரிடம். "அதால பிழைச்சன்."

மசூர் சேர் மண்டபத்தின் பின்கதவால் வெளியேறினார். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணக்கூட மறந்து அதைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். விசயம் அவருக்கு முன்னால் வந்திருந்தது.

"நீங்க ஆராய்ச்சிதானே செய்யப்போன?" என்றாள் நதீரா. "மறுகா ஏன் ஆக்கள மௌத்தாக்கின?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். ஊரில் முகம் காட்ட முடியாது, தலைவர் இனி உயிரோடு விடமாட்டார் என்று நினைத்தார். நதீரா ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போனாள். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. அவமானத்தின் நடுவிலும் அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

யாரோ அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து சவூதி, கட்டார், லண்டன் என்று எல்லா இடத்திலிருந்தும் அனுதாபச் செய்திகள் வந்து குவிந்தன. தலைவரின் பழைய மாணவர்கள் உருகி உருகி எழுதினார்கள். அவரைப் போல ஒரு அதிகாரி இனி வரமாட்டார் என்றார் ஒருவர். அவரிடம் அடி வாங்காதிருந்தால் தான் மனிதனாகியிருக்க மாட்டேன் என்றார் இன்னொருவர்.

மன்னிப்புக் கேட்கவும், திருத்தம் ஒன்றை அச்சிட்டு இதழுக்குள் வைக்கவும் அனுமதி கேட்டு மசூர் சேர் சுஜிந்தனையும் கூட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவர் கண்ணாடியோடு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், திருத்தத்த இண்டைக்கே அடிச்சிருவம்," என்றார் சுஜிந்தன்.

தலைவர் நிமிரவில்லை. "அவசரமில்ல. கனடாக்காரனுகள் இன்னும் எழுதல்ல."

கோபம் அவருக்கு வேறு இடத்தில் இருந்தது. பட்டியலில் இரண்டாவதாக வந்த ஹாஜியாருக்குத் தன்னைவிட அதிகம் அனுதாபம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் எப்போது ஹஜ் செய்தார் என்பதை மறுபடி விசாரிக்கச் சொன்னார். அத்தோடு, தன்னைப் பற்றி வந்த செய்திகளையெல்லாம் திரட்டி அடுத்த இதழில் போடவும், அவற்றுக்கு முறையான உசாத்துணை கொடுக்கவும் உத்தரவிட்டார். மசூர் சேர் தமக்கு ஆய்வு வேலை இருப்பதாகச் சொன்னார். பல மாதங்களில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான், அது உண்மை என்பதும் அவருக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. பதிவைப் புதுப்பிக்க இதுவே கடைசித் தவணை. கூடவே ஒரு செய்தி: இனி எல்லா ஆய்வுகளிலும் இலக்கப் பாணியே பின்பற்றப்படும். அதாவது எழுதியவரின் பெயர் பந்திகளுக்குள் எங்கும் வராது; சதுர அடைப்புக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் வரும். அந்தப் பாணி மென்பொருளில் ஆயத்தமாக இருந்தது. மசூர் சேர் அதைத் தெரிவுசெய்தார். கோப்பைத் திறந்து பார்க்க ஒரு கணம் கை போனது. நதீரா பின்னால் நின்றாள். லப்டொப்பை மூடினார்.

அடுத்த சனிக்கிழமை அவர் சாகாமத்துக்குப் போனார். ஆய்வுக்குப் பதிந்த பிறகு குளத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சிறுபோக நெல் வேளாண்மை பச்சையாக நின்றது. கடைமடைப் பக்கம் மட்டும் வெடித்துக் கிடந்தது. மேல்பக்கத்துப் பச்சை வயல் வரம்பில் குந்தியிருந்த சின்னப்போடி என்ற விவசாயியோடு கதைக்கத் தொடங்கினார். கதை மத்தியானம்வரை நீண்டது. தண்ணீர் ஏன் கீழே போவதில்லை என்பதற்கு அதிகாரிகளின் அறிக்கைகளில் மழைவீழ்ச்சி, மண்ணின் தன்மை என்று பல காரணங்கள் இருந்தன. சின்னப்போடியிடம் ஒரு காரணம்தான் இருந்தது.

"நாங்க மேல வாய்க்கால மறிச்சிப்போட்டு எங்கட வயலுக்குத் திருப்பிருவம். ஆளுக்கொரு பக்கம் வெட்டித்தான் வச்சிரிக்கம்."

மசூர் சேர் உற்சாகமாக எழுதினார். "உங்கட முழுப் பேரச் சொல்லுங்க அண்ணன். ஆய்வில போடவேணும்."

சின்னப்போடி பதறி எழுந்தார். "பேரா? வேணாம் தம்பி, வேணவே வேணாம். வாய்க்கால் ஒபிசுக்காரனுக்குத் தெரிஞ்சா என்ட தண்ணிய வெட்டிருவான். அந்தா, அந்தப் பக்கத்து வயல்காரன்ட பேரப் போடுங்க. அவனும் மறிக்கிறவன்தான்."

பெயரைப் போடாமலே ஆய்வு எழுதப்பட்டது. பட்டத்துக்குப் பதிந்ததிலிருந்து நாலு மாரி மழையைக் கண்ட பிறகு மசூர் சேர் அதை ஒப்படைத்தார், சிறு திருத்தங்களோடு தேறினார். பட்டமளிப்புக்கு நதீரா புதுச் சாரி உடுத்திப் போனாள். மண்டபத்தில் பெயர்களை வாசித்தவர் "எம். அச்சிமுகம்மது" என்று கூப்பிட்டார். மசூர் சேர் எதையும் திருத்தச் சொல்லாமல் மேடையேறிக் கைகொடுத்துவிட்டு இறங்கினார். 'கரைநோக்கு' இரண்டாம் இதழுக்கான கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. ரோல்ஸ் நன்றாக இருக்கும் என்கிறார் சுஜிந்தன்.